வேகமா பிறந்தா சுலபம்னு அர்த்தம் இல்லீங்க

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தாய் சேய் நலம் பற்றிய அமர்வில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன், குழுவுல தீர்மானப் புத்தகம் எழுதறேன், அவ்வளவுதான். போன மாசக் கூட்டத்துல தலைவி அக்கா, "உனக்கு அரை மணி நேரத்துல குழந்தை பிறந்துச்சே, அதைப் பத்திப் பேசு, சின்னப் பொண்ணுங்களுக்குத் தைரியம் வரும்"னு சொன்னாங்க. சரின்னுட்டேன். வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பார்த்தா, தைரியம் வர்ற மாதிரி மட்டும் சொன்னா அது பாதிக் கதைதான். அதனால முழுசா சொல்றேன். பெரியவங்க முன்னாடி இதெல்லாம் பேசறாளேன்னு யாரும் நினைச்சுக்காதீங்க. இங்க இருக்கிற ஆம்பளைங்க ரெண்டு மூணு பேரும் கேட்டுக்கட்டும். அவங்க வீட்டுலயும் பொண்ணுங்க இருக்காங்க.

முதல்ல ஒரு திருத்தம். அரை மணி நேரம் இல்லை, ஒரு மணி நாற்பது நிமிஷம். ஊர்ல சொல்லிச் சொல்லி அரை மணி ஆயிடுச்சு. இன்னும் நாலு வருஷம் போனா தும்மினேன், பிறந்துச்சுன்னு சொல்வாங்க போல.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவ 2014-ல பிறந்தா. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பதினெட்டு மணி நேரம் வலி. வலி நின்னு நின்னு வந்ததால பாட்டில்ல வலி மருந்து ஏத்தினாங்க. அதைப் பார்த்துட்டு, ரெண்டாவதுக்கும் ஒரு நாள் முழுக்க ஆகும்னுதான் வீட்டுல எல்லாரும் கணக்குப் போட்டிருந்தாங்க. 2019-ல ரெண்டாவது. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்துச்சு. வீட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலையில இருந்தார். வீட்டுல நானும் அத்தையும் மகளும் மட்டும்.

ராத்திரி ரெண்டு ஐம்பதுக்கு ஒண்ணுக்குப் போக எழுந்தேன். இடுப்புல ஒரு இழுப்பு. சூட்டு வலின்னு நினைச்சு தண்ணி குடிச்சேன். டம்ளரைக் கீழ வைக்கிறதுக்குள்ள அடுத்தது வந்துச்சு. அத்தை எழுந்து சீரகத் தண்ணி வெச்சாங்க. நம்ம ஊர்ல பொய் வலியா மெய் வலியான்னு பார்க்கிறது அப்படித்தானே, குடிச்சதும் அடங்கினா பொய் வலி. அது அடங்கலை. மூணு பத்துக்கெல்லாம் நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. அத்தை என் முகத்தைப் பார்த்துட்டு, ரெண்டு வீடு தள்ளி இருக்கிற எங்க குழு ஊக்குநர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டப் போயிட்டாங்க. அவங்களுக்கு முட்டி வலி. அன்னைக்கு அவங்க ஓடினதை நான் அதுக்கு முன்னாடியும் பார்த்ததில்லை, பின்னாடியும் பார்த்ததில்லை.

அக்கா வந்ததும் 108-க்குப் போன் போட்டாங்க. பக்கத்து வண்டி ஒரு விபத்துக் கேஸுக்குப் போயிருக்கு, அடுத்த வண்டி தூரத்துல இருந்து வரணும், நாற்பது நிமிஷம் ஆகும்னாங்க. குறை சொல்லலை. 2008-ல இந்த 108 வந்த பிறகு எத்தனை பொண்ணுங்க பிழைச்சிருக்காங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு எனக்கு நாற்பது நிமிஷம் இல்லை. அந்த நேரத்துல எங்க தெருவுல முழிச்சிருந்தவர் பூ ஏத்துற ஆட்டோ அண்ணன் ஒருத்தர்தான். மார்க்கெட்டுக்கு முல்லை மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தார். அக்கா போய்ச் சொன்னதும் பாதி மூட்டையை இறக்கித் திண்ணையில போட்டுட்டு வண்டியைத் திருப்பினார். மீதி மூட்டையோட நான், அக்கா, ஒரு கட்டைப்பை. அத்தை மகளைப் பார்த்துக்க வீட்டுல இருந்துட்டாங்க.

ஆரம்ப சுகாதார நிலையம் எங்க ஊருக்கு பதினாலு கிலோமீட்டர்.

அந்த வலியைப் பத்திக் கேட்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, சொல்றேன். மூத்தவளுக்கு வந்ததும் வலிதான். ஆனா அதுல நடுவுல ஒரு இடைவெளி கிடைக்கும். களை எடுக்கும்போது வரப்புல வந்து ஒரு நிமிஷம் இடுப்பை நிமிர்த்திக்குவோமே, அந்த மாதிரி நிமிர்ந்து ஒரு மூச்சு விடலாம். இதுல நிமிரவே விடலை. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது அது மேல ஏறி வருது. உடம்பு கிடுகிடுன்னு நடுங்குது, குளிரே இல்லை. ஒரு தடவை வாந்தி. "அக்கா, என்னால முடியாது, என்னை இங்கயே இறக்கி விடு"ன்னு கத்தினேன். இருட்டு ரோட்டுல இறங்கி என்ன பண்ணப் போறேன், சொல்லுங்க. பின்னாடி நர்ஸம்மா சொன்னாங்க, நடுக்கம், வாந்தி, முடியாதுங்கிற புலம்பல், இதெல்லாம் குழந்தை வெளிய வர்ற நேரம் நெருங்கிடுச்சுங்கறதுக்கு அடையாளமாம். கூட இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். பொண்ணு "முடியாது"ன்னு சொல்றது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

அக்கா என்ன பண்ணாங்கன்னா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வாயைத் திறந்து ஊது, அடுப்பு ஊதற மாதிரி ஊது"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. வேற ஒரு பேச்சும் பேசலை. அவங்களுக்கு நாலு பிள்ளைங்க, ரெண்டு வீட்டுலயே பிறந்தது. எப்ப பேசணும், எப்ப பேசக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

நாலு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசல்ல இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்துட்டு, "ரெண்டாவதா? இப்பதான் வலி வந்துச்சா? போய்ப் படு, விடியட்டும்"னாங்க. "குழந்தை வருதுங்க"ன்னேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, கத்தாதே"ன்னாங்க. படுத்த உடனே எனக்கு முக்கணும்னு வந்துடுச்சு. அதுக்கு அவங்க, "முக்காதே, சிஸ்டர் வரட்டும், காலைச் சேர்த்து வை"ன்னு என் முட்டியைப் பிடிச்சு அமுக்கினாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கிறேன். யார் பேரும் சொல்ல மாட்டேன், அவங்களும் ராத்திரி முழுக்க முழிச்சு வேலை பார்க்கிறவங்கதான். ஆனா காலைச் சேர்த்து வைன்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. குழந்தை தலை இறங்கி வர்றப்ப அதை அடைச்சு வெச்சா குழந்தைக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. முக்கறதுங்கறது அந்த நேரத்துல நம்ம கையில இல்லை. தும்மலை அடக்க முடியுமா? அந்த மாதிரி. எங்க ஊக்குநர் அக்கா அந்தம்மா கையை எடுத்து விட்டுட்டு, வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி, "சிஸ்டர், தலை தெரியுது"ன்னு ஒரு குரல் கொடுத்தாங்க. அந்தக் குரல்ல செவிலியர் அம்மா ஓடி வந்தாங்க. ஒரே பார்வைதான், கையுறையை மாட்டிக்கிட்டாங்க.

அக்காவை வெளிய அனுப்பப் பார்த்தாங்க, அவங்க போகலை. நம்ம தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில பிரசவம் ஆகும்போது கூட ஒரு பொம்பளை இருக்கலாம்னு 2004-லயே திட்டம் வந்துடுச்சு. பிரசவத் துணைன்னு பேரு. நம்ம சிஸ்டர் இதை மாசக் கூட்டத்துல சொல்லியிருந்தாங்க. சண்டையே போடாம அக்கா, "பிரசவத் துணைங்க நான்"னு சொல்லிட்டு என் தலைமாட்டுல நின்னுக்கிட்டாங்க.

செவிலியர் அம்மா என்னை மல்லாக்கப் போடலை. ஒருக்களிச்சுப் படுத்திருந்தேன், அப்படியே இருன்னுட்டாங்க. தலை வெளிய வர்ற நேரத்துல, "இப்ப முக்காதே, நாய் இளைக்கிற மாதிரி வேகமா மூச்சு விடு"ன்னாங்க. இதுவும் முக்காதேதான், அதுவும் முக்காதேதான், ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அந்தம்மா அடைக்கச் சொன்னாங்க. இவங்க தலையைக் கையில தாங்கிக்கிட்டு, கிழிஞ்சிடாம மெதுவா வரட்டும்னு சொன்னாங்க. நாலு முப்பதுக்கு மகன் பிறந்தான். ரெண்டு கிலோ எழுநூறு கிராம். வலி மருந்து பாட்டில் இல்லை, ஊசி இல்லை, கத்தரிக்கோல் வைக்கலை. வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி போடறதெல்லாம் நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடையாது, அதுக்கு மயக்க டாக்டர் வேணும். இருந்திருந்தாலும் எனக்குப் போட நேரம் இருந்திருக்காது.

துடைச்சு என் நெஞ்சு மேலயே போட்டாங்க. தொப்புள்கொடித் துடிப்பு நின்ன பிறகுதான் வெட்டினாங்க. அவன் முகம் நீலம் பாரிச்சு, கன்னிப்போய் இருந்துச்சு. நான் பயந்துட்டேன். வேகமா வந்த குழந்தைக்கு இப்படி ஆகும், அழுகை நல்லா இருக்கு, உடம்பு சிவந்திருக்கு, முகம் ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும்னாங்க. சரியாச்சு. இப்ப அவன் முகத்துல இருக்கிற காயமெல்லாம் அவனே சைக்கிள்ல விழுந்து வாங்கினது.

இதுவரைக்கும்தான் ஊர்ல எல்லாரும் சொல்ற கதை. "கொடுத்து வெச்சவ, மருந்து மாத்திரை இல்லாம கோழி முட்டை போட்ட மாதிரி பெத்துட்டா." அதுக்கு அப்புறம் நடந்ததை யாரும் சொல்றதில்லை.

குழந்தை பிறந்த உடனே தொடையில ஒரு ஊசி போட்டாங்க. அது எல்லாருக்கும் போடறது, ரத்தப்போக்கு அதிகம் ஆகாம இருக்க. நஞ்சு முழுசா வந்துடுச்சு. சின்னதா ஒரு கிழிசல், மரத்துப் போற ஊசி போட்டு மூணு தையல். குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு இருக்கேன். முக்கால் மணி நேரம் கழிச்சு காது அடைக்கிற மாதிரி இருந்துச்சு. கீழ வெதுவெதுன்னு போய்க்கிட்டே இருக்கு. அக்கா துணியைப் பார்த்துட்டு ஒண்ணுமே பேசாம செவிலியர் அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க என் அடிவயித்துல கை வெச்சுப் பார்த்தாங்க. குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பை சுருங்கி தேங்காய் மாதிரி கெட்டியா இருக்கணுமாம். எனக்குப் பிசைஞ்ச மாவு மாதிரி இருக்குன்னாங்க. ரொம்ப வேகமா பிரசவம் ஆனா கர்ப்பப்பை சோர்ந்து போய்ச் சுருங்காம விட்டுடும், அப்ப ரத்தம் நிக்காது.

வயித்தை அமுக்கித் தேய்ச்சாங்க பாருங்க, பிரசவ வலியே தேவலைன்னு ஆயிடுச்சு. "எப்ப ஒண்ணுக்குப் போனே?"ன்னு கேட்டாங்க. ரெண்டு ஐம்பதுக்குப் போனது. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாலும் கர்ப்பப்பை சுருங்காதாம். டியூப் வெச்சு எடுத்தாங்க. பாட்டில் போட்டு, சுருங்கறதுக்கு மருந்து ஏத்தினாங்க. இன்னொரு பக்கம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டி வந்தா இருக்கட்டும்னு 108-ஐ வரவழைச்சு வாசல்ல நிறுத்திட்டாங்க. எனக்குப் பேச்சு வரலை. மூத்தவளுக்கு யார் தலை வாரி விடுவாங்கன்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மனசு அந்த நேரத்துல எதை எதையோ பிடிச்சுக்குது.

ஆறு மணிக்கு ரத்தம் கட்டுப்பட்டுச்சு. வண்டி திரும்பிப் போயிடுச்சு.

மருந்தில்லாம பெத்தவன்னு என்னைப் பாராட்டறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன். பிள்ளை வர்றதுக்கு எனக்கு மருந்து தேவைப்படலை, அது என் உடம்பு அப்படி. அப்புறம் நான் உயிரோட இருக்கிறதுக்கு மருந்து தேவைப்பட்டுச்சு. வீட்டுலயே பெத்திருந்தா என் மகன் பிறந்திருப்பான், நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். இப்ப சில பேர் ஆஸ்பத்திரியே வேண்டாம், பாட்டி காலத்துல வீட்டுலதானே பெத்தாங்கன்னு பேசறாங்க. பாட்டி காலத்துல பெத்தாங்க, நிஜம்தான். எங்க பாட்டியோட அக்கா அப்படிப் பெத்த அன்னைக்கே ரத்தம் போய் இறந்துட்டாங்க. அதையும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா?

இன்னொண்ணு. என் நாத்தனாருக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. குழந்தையோட நாடித்துடிப்பு குறைஞ்சிடுச்சு, வேற வழியில்லை. அவ வீட்டுக்கு வந்ததும் பெரியவங்க என்னைக் காட்டி, "இவளைப் பாரு, நொடியில பெத்தா, உனக்கு வலி பொறுக்கத் தெரியலை"ன்னு பேசினாங்க. அவ பன்னிரண்டு மணி நேரம் வலி பொறுத்துட்டுதான் ஆபரேஷனுக்குப் போனா. நான் பொறுத்தது ஒரு மணி நாற்பது நிமிஷம். அதுவும் பொறுத்தேன்னு சொல்ல முடியாது, தப்பிக்க வழி இல்லை, அவ்வளவுதான். யாருக்கு எப்படி வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. என் முதல் பிரசவத்தைப் பார்த்தவங்க ரெண்டாவது இப்படி வரும்னு சொல்லியிருப்பாங்களா?

ரத்தத்தைப் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா இதுதான் என்னைக் காப்பாத்துனதுல முக்கியமானது. அஞ்சாம் மாசம் எனக்கு ரத்த அளவு 8.6 தான் இருந்துச்சு. கர்ப்பிணிக்கு 11 இருக்கணும். சிஸ்டர் விடாம வீட்டுக்கே வந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாங்க. அது போதலைன்னு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இரும்புச் சத்து மருந்தை பாட்டில்ல நாலு தடவை ஏத்தினாங்க. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் தின்னு தின்னு வெறுத்துப் போச்சு. பிரசவத்துக்கு முன்னாடி 10.9 ஆச்சு. "அந்த 8.6-லயே இருந்து இவ்வளவு ரத்தம் போயிருந்தா உன்னை வண்டியில ஏத்தியிருப்பேன், நீ போய்ச் சேர்ந்திருப்பியான்னு தெரியாது"ன்னு செவிலியர் அம்மா டிஸ்சார்ஜ் அன்னைக்குச் சொன்னாங்க. மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பாப் போகுது, வயித்தைப் பிரட்டுதுன்னு தென்னை மரத்தடியில கொட்டறவங்க இந்தக் கூட்டத்துலயும் இருப்பீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுங்க, டீ காபியோட சாப்பிடாதீங்க.

அன்னைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாமான்னு பார்க்க வந்த சொந்தக்காரங்க கேட்டாங்க, மாடு கறக்க ஆள் இல்லையாம். ரெண்டு நாள் இருந்தே ஆகணும்னு செவிலியர் அம்மா சொல்லிட்டாங்க. எங்க குழுவுல ரெண்டு பேர் முறை வெச்சு மாட்டைக் கறந்தாங்க, சொசைட்டியில பால் ஊத்தினாங்க. மூணாம் நாள் அரசாங்க வண்டியிலேயே வீட்டுல கொண்டு வந்து விட்டாங்க, ஒரு ரூபா செலவில்லை.

ஆட்டோ டீசலுக்கும் கைச்செலவுக்கும் அக்கா அன்னைக்கு ராத்திரி குழுப் பெட்டியில இருந்து ரெண்டாயிரம் எடுத்துட்டு வந்திருந்தாங்க. அடுத்த கூட்டத்துல ஒரு உறுப்பினர், "தீர்மானம் இல்லாம பெட்டியைத் திறக்கலாமா?"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான், நாளைக்கு ஆளாளுக்குத் திறந்தா என்ன ஆகும். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில பிரசவம், பாம்புக்கடி, விபத்து, இந்த மூணுக்கும் ராத்திரியில ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் சேர்ந்து ரெண்டாயிரம் வரைக்கும் எடுக்கலாம், மூணு மாசத்துல வட்டி இல்லாம திருப்பிக் கட்டணும்னு தீர்மானம் போட்டோம். நான்தான் எழுதினேன், மடியில கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு. இதுவரைக்கும் அஞ்சு தடவை எடுத்திருக்கோம், அஞ்சும் திரும்பி வந்திருக்கு.

எட்டாம் மாசம் தாண்டின பொண்ணு இருக்கிற வீட்டுல பையைக் கட்டி வெச்சிடுங்க. துவைச்சு வெயில்ல காய வெச்ச பழைய பருத்திச் சேலை, குழந்தைக்குத் துணி, நாப்கின், தாய் அட்டை, ஆதார், பேங்க் புக் நகல், பிக்மி நம்பர். அந்த நம்பர் இல்லாட்டி முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துப் பணம் வாங்கறதுலயும் சிக்கல், பிறப்புச் சான்றிதழுக்கும் அலையணும். வழியிலயே குழந்தை வந்துட்டா வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. தலையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தானா வரும். துடைச்சு தாயோட நெஞ்சுல போட்டு ரெண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்க. தொப்புள்கொடியை நீங்க வெட்டாதீங்க, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. 108 வண்டியா இருந்தா உள்ளயே பிரசவம் பார்க்கிற சாமானும் ஆளும் இருக்கும்.

எங்க குழு சார்பா கூட்டமைப்புக்கு ரெண்டு கோரிக்கை. ஒண்ணு, ஒவ்வொரு ஊர்லயும் ராத்திரியில வண்டி எடுக்கத் தயாரா இருக்கிறவங்க பேரும் போன் நம்பரும் எழுதி, அங்கன்வாடிச் சுவத்துலயும் ரேஷன் கடையிலயும் ஒட்டணும். பூக்காரர், பால்காரர், காய்கறி வண்டிக்காரர், இவங்கதான் விடியக்காலம் முழிச்சிருக்கிறவங்க. ரெண்டு, நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில துணைக்கு நிக்கிறவங்க உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. எங்க அக்கா அன்னைக்கு நாலு பத்துல இருந்து ஆறு மணி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. நாலு நாற்காலி, நம்ம கூட்டமைப்பு நிதியில வாங்கிக் கொடுத்துடலாம். இந்த ரெண்டும் இன்னைக்குத் தீர்மானத்துல ஏறணும்னு கேட்டுக்கிறேன். பேங்க் சார் வேற கடிகாரத்தைப் பார்க்கிறார், சாப்பாட்டுக்கும் நேரமாச்சு. யாருக்காவது தனியா ஏதாவது கேட்கணும்னா நான் பந்தியில பரிமாறிக்கிட்டு இருப்பேன், அங்க வந்து கேளுங்க.